மிகாமல் எழுதுக: ‘எக்ஸீட்’ என்ற வினைச்சொல்லைப் புரிந்துகொள்ள

தங்கச்சிமடத்தில் மாலை வேளையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். போன மாதம் ‘உங்கள் ஊரைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதுங்கள்’ என்று சொல்லியிருந்தேன். பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் நோட்டில் நான்காவது வாக்கியம் இப்படி இருந்தது: ‘அவர் போட் எக்ஸீடட் தி பார்டர்.’ எங்கள் படகு எல்லையைத் தாண்டிவிட்டது என்று சொல்ல வந்திருக்கிறான். போனில் பார்த்த அகராதியில் எக்ஸீட் என்பதற்கு ‘தாண்டு, மீறு, மிஞ்சு’ என்று போட்டிருந்ததாம். அகராதி பொய் சொல்லவில்லை. ஆனாலும் வாக்கியம் தப்பு.

“ஏன் சார் தப்பு?” என்று கேட்டான். “ஆங்கிலத்தில் அப்படிச் சொல்ல மாட்டார்கள்” என்றேன். பதில் தெரியாத வாத்தியார் எல்லோரும் பையில் வைத்திருக்கும் பதில் அது. வீட்டுக்கு வந்த பிறகும் உறுத்திக்கொண்டே இருந்தது. அவனுக்கு அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எக்ஸீட் நமக்குப் புதிய சரக்கு இல்லை. பள்ளிக்கூடம் போன எல்லோரும் அதைத் தமிழில் படித்தவர்கள்தான். வினாத்தாளில் ‘100 சொற்களுக்கு மிகாமல் எழுதுக’ என்று இருக்குமே, அந்த ‘மிகாமல்’தான் ஆங்கிலத்தில் ‘நாட் எக்ஸீடிங்’. வேலைக்கான அறிவிப்பில் ‘வயது இத்தனைக்கு மிகாமல்’ என்று வரும். சட்டத்தில் ‘இத்தனை ரூபாய்க்கு மிகாத அபராதம்’ என்று வரும். எல்லாம் அதே சொல். வீட்டில் எந்த அம்மாவும் ‘நாலு இட்லிக்கு மிகாமல் சாப்பிடு’ என்று சொல்வதில்லை. பேச்சில் செத்துப்போன ‘மிகு’வை அலுவலகமும் பரீட்சையும் உயிரோடு வைத்திருக்கின்றன. ஆங்கிலத்திலும் எக்ஸீடின் நிலைமை கிட்டத்தட்ட இதுதான். தெருவில் பேசும்போது ‘மோர் தேன்’, ‘கோ ஓவர்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எக்ஸீட் கொஞ்சம் சட்டை மாட்டிக்கொண்ட சொல். அறிவிப்பு, படிவம், மருந்துப் பாட்டில், செய்தி, சட்டம் என்று எழுத்தில்தான் அதிகம் புழங்கும்.

சரி, 100 சொற்களுக்கு மிகாமல் என்றால் சரியாக 100 சொல் எழுதலாமா? எழுதலாம். 101 ஆனால்தான் தப்பு. பிள்ளைகள் வழுக்கி விழும் முதல் இடம் இது. எக்ஸீட் என்றால் கோட்டைத் தொடுவது இல்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் போவது. ‘லெஸ் தேன் 100’ என்றால் 99-ஓடு நிறுத்த வேண்டும். ‘நாட் எக்ஸீடிங் 100’ என்றால் நூறும் உள்ளே. ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். ஆனால் வயது வரம்பில் அந்த ஒரு எண்ணில் வேலை போனவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு இதை வானிலை அறிக்கையிலிருந்து விளக்குவது எனக்கு எளிதாக இருக்கிறது. வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டர் ஆனால் அதைப் புயல் என்பார்கள், பெயர் வைப்பார்கள். 89 ஆனால் தீவிரப் புயல். இங்கே 62-ஐத் தொட்டாலே போதும், தாண்ட வேண்டியதில்லை. எனவே ஆங்கிலத்தில் இதற்கு ‘ரீச்’ என்ற வினை. காற்று 62-ஐ ‘ரீச்’ செய்தால் புயல், 61-ஐ ‘எக்ஸீட்’ செய்தால் புயல். முழு எண்ணில் கணக்குப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், சொல்லும் விதம்தான் வேறு. தொடுவதற்கு ரீச், தாண்டுவதற்கு எக்ஸீட். பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏறும்போதெல்லாம் எங்கள் வகுப்பில் இந்தக் கணக்கு ஒருமுறை வந்துபோகும்.

உச்சரிப்பையும் எழுத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். நாம் ‘எக்ஸீட்’ என்று எல்லா எழுத்தையும் ஒரே அழுத்தத்தில் சொல்கிறோம். ஆங்கிலேயர் வாயில் அது ‘இக்-ஸீட்’. முதல் அசை மெலிந்து, இரண்டாவது அசையில் அழுத்தம் விழும். எழுத்து: இ, எக்ஸ், சி, இ, இ, டி. நடுவில் இருக்கும் ‘சி’யைப் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள், காதில் கேட்காததால்.

கடைசியில் இருக்கும் ‘சீட்’ என்ற பகுதி லத்தீனில் ‘போதல், நகர்தல்’ என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. முன்னால் இருக்கும் ‘எக்ஸ்’ என்றால் வெளியே. ஆக, வெளியே போ, வரம்பை விட்டுப் போ. பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. இதே குடும்பத்தில் ‘ப்ரொசீட்’ முன்னே போவது. ‘சக்ஸீட்’ பின்னால் வருவது. ஒருவருக்குப் பின் பதவிக்கு வருவது என்ற பொருளும் அதற்கு உண்டு, ஜெயிப்பது என்பதும் உண்டு. ‘ரிஸீட்’ பின்வாங்குவது. ராமேசுவரத்தில் அமாவாசையை ஒட்டி ‘கடல் உள்வாங்கியது’ என்று அடிக்கடி செய்தி வருமே, அதற்கு ஆங்கிலத்தில் ‘தி சீ ரிஸீடட்’.

இந்தக் குடும்பத்தில் ஒரு எழுத்துக் குழப்பம் உண்டு. கடைசியில் ‘சி-இ-இ-டி’ என்று முடிகிற வினைகள் மூன்றே மூன்றுதான்: எக்ஸீட், ப்ரொசீட், சக்ஸீட். ரிஸீட் முதலான மற்றவை ‘சி-இ-டி-இ’ என்று முடியும். மூன்றை மனப்பாடம் செய்தால் மீதி தானாக வந்துவிடும்.

இனி வாக்கியத்தில் வைப்பது. நம் ஆட்கள் செய்யும் பெரிய தப்பு ‘எக்ஸீடட் தேன்’. இது தமிழ் மனசிலிருந்து வருகிற தப்பு. ‘50 கிலோவைவிட அதிகமாகிவிட்டது’ என்று நினைக்கிறோம். ‘விட’ என்றதும் ‘தேன்’ வந்து ஒட்டிக்கொள்கிறது. எக்ஸீட் அதைக் கேட்காது. ‘அதிகம்’ என்பது அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. எனவே மனசுக்குள் ‘விட’ சொல்லாமல் ‘ஐ’ சொல்லிப் பாருங்கள். 50 கிலோவைத் தாண்டியது. ‘ஐ’ வேற்றுமை வந்துவிட்டால் ஆங்கிலத்தில் வினைக்கு அடுத்து நேராகப் பொருளை வைத்துவிடலாம், நடுவில் எதுவும் வேண்டாம். ‘எக்ஸீடட் 50 கிலோஸ்.’ முடிந்தது.

எவ்வளவு தாண்டியது என்று சொல்ல ‘பை’ என்ற சொல் துணைக்கு வரும். ஒரு நாள் விடிகாலையில் கரையில் நண்டு நிறுத்துக்கொண்டிருந்தார்கள். வாங்க வந்தவருடைய தராசு 50 கிலோ வரைதான் நிறுக்கும். அக்கா ஒருவர் இரண்டு கூடை நண்டை ஒன்றாகக் கொட்டி ஏற்றிவிட்டார். எண் 48, 49 என்று ஏறிக்கொண்டே போய், திடீரென்று மறைந்து, கோடு கோடாகக் காட்டியது. அப்புறம் கீச் கீச்சென்று சத்தம். “என்னய்யா, ஒன் தராசு செத்துப்போச்சா?” என்று அக்கா கேட்க, சுற்றி நின்றவர்கள் சிரிக்க, இரண்டாகப் பிரித்து நிறுத்தார்கள். மொத்தம் 52. இதை ஆங்கிலத்தில் எழுதினால்: ‘தி வெயிட் எக்ஸீடட் தி லிமிட் பை 2 கிலோஸ்.’ எடை வரம்பைத் தாண்டியது, எவ்வளவு? 2 கிலோ. அந்த ‘எவ்வளவு’ இருக்கும் இடத்தில்தான் ‘பை’ உட்காரும். தமிழில் அந்த இடத்தில் எதுவும் கிடையாது, ‘2 கிலோ கூடுதல்’ என்று சும்மா சொல்லிவிடுவோம். அதனால் ‘பை’யை மறந்துவிடுகிறோம்.

இந்த ‘எவ்வளவு’ என்ற கேள்விதான் மொத்த விஷயத்துக்கும் சாவி என்பது என் எண்ணம். தமிழில் தாண்டு, மீறு, மிஞ்சு என்று பல வினைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எக்ஸீடோடு கொஞ்ச தூரம் கூட வரும், பிறகு தன் வழியே போய்விடும். எங்கே பிரிகிறது என்று கண்டுபிடிக்க, வாக்கியத்தைப் பார்த்து ‘எவ்வளவு?’ என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

தாண்டு என்பதிலிருந்து தொடங்குவோம். பையனுடைய வாக்கியம் அங்கேதான் இருக்கிறது. படகு எல்லையைத் தாண்டியது. இங்கே இயல்பாக வரும் கேள்வி ‘எவ்வளவு?’ இல்லை, ‘எங்கே?’. பாக் நீரிணையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே 1974-இல் ஒப்பந்தம் போட்டு ஒரு கோடு இழுத்தார்கள். மன்னார் வளைகுடாப் பகுதிக்கு 1976-இல். தண்ணீரின் மேல் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது, வரைபடத்திலும் ஜிபிஎஸ் கருவியிலும்தான் தெரியும். ஆனாலும் அது ஓர் இடம். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதற்கு ஆங்கிலத்தில் ‘க்ராஸ்’. ‘எல்லை தாண்டி மீன் பிடித்ததாகக் கூறி’ என்று வாரத்துக்கு ஒருமுறையாவது பேப்பரில் படிக்கிறோமே, அந்தத் ‘தாண்டி’ க்ராஸ்தான். வாசலைத் தாண்டுவது, ரோட்டைத் தாண்டுவது, பாம்பன் பாலத்தைத் தாண்டுவது எல்லாம் அப்படியே.

எக்ஸீட் தாண்டுவது இடத்தை இல்லை, அளவை. எடை, வேகம், வயது, பணம், நேரம், எண்ணிக்கை, வெப்பம். தண்ணீர்த் தொட்டியில் கோடு போட்டு வைத்திருக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறி ஏறிக் கோட்டுக்கு மேலே போகிறது. அது எக்ஸீட். தொட்டி மேல் ஏறி ஒருவன் அந்தப் பக்கம் குதித்தால் அது க்ராஸ். தமிழில் இரண்டுக்கும் ‘தாண்டு’ போதும். நம் மொழி அங்கே கொஞ்சம் தாராளம், அவ்வளவுதான்.

படகை வைத்தே எக்ஸீட் வரும் வாக்கியமும் எழுதலாம். 10 பேர் ஏற வேண்டிய படகில் 14 பேர் ஏறினால், ‘தி நம்பர் ஆஃப் பாசஞ்சர்ஸ் எக்ஸீடட் தி லிமிட்.’ எவ்வளவு? 4 பேர். கேள்விக்குப் பதில் வருகிறது, எனவே எக்ஸீட் சரி. பையனுக்கு இந்த இரண்டு படகையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டியிருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும்.

‘எல்லை’ என்ற சொல்லே இன்னொரு வலை. கடல் எல்லைக்கும் எல்லை, பொறுமையின் எல்லைக்கும் எல்லை. ஆங்கிலத்தில் ‘பார்டர்’ வேறு, ‘லிமிட்’ வேறு. பார்டர் நிலத்திலும் நீரிலும் இருக்கும் கோடு, க்ராஸோடு சேரும். லிமிட் அளவின் உச்சி, எக்ஸீடோடு சேரும். தமிழில் லிமிட்டுக்கு ‘வரம்பு’ என்று எழுதிப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும். வரம்பும் ஒரு காலத்தில் வயல் வரம்புதான் என்று யாராவது சண்டைக்கு வரலாம். வரட்டும்.

அடுத்தது மீறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இந்தக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, மீன் இனப்பெருக்கக் காலம். அந்தத் தடையை ஒருவர் மீறிப் போகிறார் என்று வையுங்கள். இங்கே எக்ஸீட் வராது. தடையை எவ்வளவு மீறினார் என்று கேட்க முடியாது. தடை இருக்கிறது, அதை உடைத்தார். அதற்கு ‘வயலேட்’, ‘ப்ரேக்’, ‘டிஃபை’ என்று வேறு வினைகள். சட்டத்தை மீறினார், வாக்கை மீறினார், அப்பா பேச்சை மீறினார் எல்லாம் அந்தப் பக்கம்.

ஆனால் வேக வரம்பை மீறினார் என்றால்? அதில் அளவு இருக்கிறது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் பாதுகாப்பு ஆணையர் அதில் 75 கிலோமீட்டர் வேகம் வரை அனுமதித்தார். நடுவில் கப்பலுக்காகத் தூக்கும் பகுதியில் மட்டும் 50. எனவே தூக்குப் பகுதிக்கு வரும்போது ஓட்டுநர் மனசில் இருக்க வேண்டியது, ‘டு நாட் எக்ஸீட் 50.’ ஐம்பதில் போகலாம், ஐம்பத்தொன்றில் கூடாது. 1914-இல் கட்டிய பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்துதான் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் அலையின் மேல் மிதக்கிற மாதிரி இருக்கும். பக்கத்து ரோட்டுப் பாலத்தில் பஸ்ஸை ஓரம்கட்டி, எல்லோரும் இறங்கி நின்று கைகாட்டுவார்கள். இப்போதும் காட்டுகிறார்கள், ரயில்தான் கொஞ்சம் அவசரமாகப் போய்விடுகிறது.

இதே வகையில் ‘அதிகாரத்தை மீறி நடந்துகொண்டார்’ என்பதற்கும் எக்ஸீட் வரும். ‘ஹீ எக்ஸீடட் ஹிஸ் அதாரிட்டி.’ அதிகாரத்தை எந்தத் தராசில் நிறுப்பது என்று கேட்காதீர்கள். இவ்வளவு வரை உனக்கு உரிமை, அதற்கு மேல் இல்லை என்று அளந்து கொடுத்த ஒன்றுதானே அதிகாரம். அளந்து கொடுத்த எதையும் எக்ஸீட் செய்யலாம்.

மிஞ்சு என்ற சொல்தான் எனக்குப் பிடித்தது. எத்தனை முகம் அதற்கு! ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்னும்போது அது அச்சு அசல் எக்ஸீட். அளவு என்ற சொல்லையே கூட வைத்துக்கொண்டு வருகிறது பாருங்கள். முண்டு மிளகாய் போட்ட மீன் குழம்பில் ‘காரம் மிஞ்சிப்போச்சு’ என்றாலும் அதே கதைதான், ஆங்கிலத்தில் அடுப்படியில் நின்று யாரும் எக்ஸீட் என்று சொல்ல மாட்டார்கள் என்பதைத் தவிர. ‘டூ ஸ்பைசி’ என்று முடித்துவிடுவார்கள். ஆனால் ‘சோறு மிஞ்சிப்போச்சு’ என்றால்? சாப்பிட்டது போக மீதி இருக்கிறது. அது ‘லெஃப்ட் ஓவர்’. இதற்கு எக்ஸீட் போட்டு ஒரு பெண் எழுதியிருந்தாள், ‘தி ரைஸ் எக்ஸீடட்’ என்று. எதை எக்ஸீட் செய்தது என்று கேட்டேன். “பானையை சார்” என்றாள். பொங்கி வழிந்தது என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ.

அந்தப் பெண்ணின் வாக்கியத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எக்ஸீட் தனியாக நிற்காது. எதைத் தாண்டியது என்று கூடவே சொல்ல வேண்டும். ‘கூட்டம் மிஞ்சிவிட்டது’ என்று தமிழில் நிறுத்தலாம். ஆங்கிலத்தில் ‘தி க்ரவ்ட் எக்ஸீடட்’ என்று நிறுத்தினால் கேட்பவர் அடுத்த சொல்லுக்காக வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு ‘பாட்டு பாடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை’ என்கிறோம். இங்கே மிஞ்சப்படுவது அளவு இல்லை, ஆள். எக்ஸீட் பொதுவாக ஆளைத் தொடுவதில்லை. ஆளை மிஞ்சுவதற்கு, பெயர்பெற்ற ஒரு சாதனையை மிஞ்சுவதற்கு ‘சர்பாஸ்’ என்ற வினை இருக்கிறது. அதுவும் பிரெஞ்சிலிருந்து வந்தது, மேலே கடந்து போவது என்று அர்த்தம். சர்பாஸில் எப்போதும் ஒரு பாராட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். எக்ஸீட் நல்லதும் சொல்லாது, கெட்டதும் சொல்லாது. வேகம் எக்ஸீட் ஆனால் அபராதம், எதிர்பார்ப்பு எக்ஸீட் ஆனால் சந்தோஷம். ‘எக்ஸீடட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்றால் நாம் நினைத்ததைவிட நன்றாக வந்தது என்று பொருள். பள்ளிக்கூட அறிக்கையிலும் அலுவலகத்திலும் நிறையப் புழங்கும். தமிழில் அந்த இடத்துக்கு ‘விஞ்சு’ அழகாகப் பொருந்தும், ஆனால் இப்போது யார் அதைச் சொல்கிறார்கள்.

1931-இல் ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் 2002-இல் குடியரசுத் தலைவரானார். எங்கள் பிள்ளைகளில் யாராவது அவரை மிஞ்ச வேண்டும் என்று ஆசைப்பட்டால், ‘எக்ஸீட் கலாம்’ என்று எழுதக் கூடாது. ‘சர்பாஸ் கலாம்’ என்று எழுதலாம். செய்வது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டும் வரக்கூடிய இடங்களும் உண்டு. பழைய பாம்பன் ரயில் பாலத்தின் நீளம் சுமார் 2 கிலோமீட்டர். வெகுகாலம் இந்தியாவின் மிக நீளமான கடல் பாலம் அதுதான். 2009-இல் மும்பையில் பாந்த்ரா-வர்லி கடல் பாலம் திறந்தார்கள், அது 5 கிலோமீட்டருக்கும் மேல். இரண்டு நீளத்தையும் எண்ணாக வைத்து ஒப்பிட்டால் அதன் நீளம் இதன் நீளத்தை ‘எக்ஸீட்ஸ்’. பாம்பன் வைத்திருந்த பெருமையை அது பறித்துக்கொண்டது என்று சொல்ல வந்தால் ‘சர்பாஸ்டு’. எண் பேசினால் எக்ஸீட், புகழ் பேசினால் சர்பாஸ். பாம்பன்காரனாக எனக்கு இரண்டாவது வாக்கியம் எழுதக் கை வரவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் இருப்பவர்களைச் சுருக்கமாக அறிமுகம் செய்துவிடுகிறேன். ‘எக்ஸெல்’ என்றால் ஒன்றில் சிறந்து விளங்குவது. அது யாரையும் தாண்ட வேண்டியதில்லை, ‘எக்ஸெல் இன் ஸ்விம்மிங்’ என்று துறையைச் சொன்னால் போதும். ‘ஓவர்டேக்’ நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ராமநாதபுரம் ரோட்டில் தினமும் நடக்கிறது. பின்னால் வந்தவன் முன்னால் போவது. ‘அவுட்’டும் ‘டூ’வும் சேர்ந்த ‘அவுட்டூ’ என்ற ஒரு வினையும் உண்டு, ஒருவன் செய்ததைவிட இன்னொருவன் ஒருபடி மேலே செய்வது. கல்யாணத்தில் பந்தல் போடுவதில் இரண்டு சம்பந்திகள் செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ‘அவுட்’ என்ற முன்னொட்டு பெரிய கெட்டிக்காரன். எந்த வினையோடும் ஒட்டிக்கொண்டு ‘அதில் ஒருவனை மிஞ்சு’ என்று பொருள் தந்துவிடும். ஓட்டத்தில் மிஞ்சினால் ‘அவுட்ரன்’, ஆயுளில் மிஞ்சினால் ‘அவுட்லிவ்’, எண்ணிக்கையில் மிஞ்சினால் ‘அவுட்நம்பர்’, வளர்ந்து சட்டை பத்தாமல் போனால் ‘அவுட்க்ரோ’. இவை எல்லாவற்றையும் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

எக்ஸீடிலிருந்து பிறந்த பிள்ளைகளை மட்டும் விட்டுவிட முடியாது. ‘எக்ஸெஸ்’ அதன் பெயர்ச்சொல், கூடுதலாக இருக்கும் பகுதி. கீழக்கரையிலிருந்தும் தேவிபட்டினத்திலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் வீட்டில் இந்தச் சொல் தெரியாத பாட்டி கிடையாது. என் மச்சான் துபாய் கிளம்பும் நாளில் கூடத்தில் பெட்டியைக் கொக்கித் தராசில் மாட்டித் தூக்குவார்கள். அனுமதி 30 கிலோ, முள் 33-இல் நிற்கும். கருப்பட்டியை எடுப்பதா, கருவாட்டை எடுப்பதா, ஊறுகாயை எடுப்பதா என்று அரை மணி நேரம் பஞ்சாயத்து. அத்தை கடைசி வரை கருவாட்டை எடுக்க விடமாட்டார். அந்த 3 கிலோதான் எக்ஸெஸ். பெட்டியின் எடை 30-ஐ எக்ஸீட் செய்கிறது, தாண்டிய பகுதி எக்ஸெஸ். வினைக்கும் பெயருக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாக எனக்குக் காட்டத் தெரியாது. எழுத்தில் மட்டும் கவனம்: வினையில் கடைசியில் ‘டி’, பெயரில் இரண்டு ‘எஸ்’. ‘ஆக்செஸ்’ என்று ஒன்று இருக்கிறது, அது நுழைவு, அணுகும் வழி. இதற்கும் அதற்கும் சம்பந்தம் லத்தீன் பாட்டி ஒருத்திதான்.

‘எக்ஸெஸிவ்’ என்றால் அளவு மீறிய, அதில் குறை சொல்லும் தொனி எப்போதும் இருக்கும். ‘எக்ஸீடிங்லி’ அப்படி இல்லை. மிகமிக என்றுதான் பொருள், பெரும்பாலும் நல்லதற்கும் வரும். ‘எக்ஸீடிங்லி கைண்ட்’ என்று ஒருவரைச் சொன்னால் மகிழ்வார். ‘எக்ஸெஸிவ்லி கைண்ட்’ என்று சொன்னால், இந்த ஆள் ஏன் இவ்வளவு குழைகிறார் என்ற சந்தேகம் உள்ளே இருக்கிறது.

இதையெல்லாம் சேர்த்து அடுத்த வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னேன். வீட்டில் எக்ஸீட் என்ற சொல் எங்காவது அச்சாகி இருந்தால் கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு பெண் அப்பத்தாவின் இருமல் மருந்துப் பாட்டிலைக் கொண்டு வந்தாள். பரிந்துரைத்த அளவை எக்ஸீட் செய்யாதீர்கள் என்று பொடி எழுத்தில் இருந்தது. “அப்ப டாக்டர் 10 மில்லின்னு சொன்னா 10 மில்லி குடிக்கலாமா சார், இல்ல ஒன்பதா?” என்று கேட்டாள். வகுப்பே சேர்ந்து “பத்து!” என்றது.

எல்லை தாண்டிய வாக்கியத்தை எழுதிய பையன் எதுவும் கொண்டு வரவில்லை. நோட்டை மட்டும் நீட்டினான். வினைச்சொல்லை மாற்றி எழுதி வா என்று சொல்லியிருந்தேன். மாற்றியிருந்தான், கூடவே நான் சொல்லாத இரண்டு சொற்களையும் சேர்த்திருந்தான்: ‘அவர் போட் டிட் நாட் க்ராஸ் தி பார்டர்.’

“இதென்னடா, போன தடவை தாண்டிச்சுன்னு எழுதியிருந்தே?”

“அது சும்மா வாக்கியத்துக்கு சார். எங்க அப்பா தாண்டல.”

சரி என்று டிக் போட்டேன்.